பழைய லொறியும் பிறேக் குழாயும்



நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு விளையும் கரட், லீக்ஸ், கோவா முதலியவற்றை ஏற்றிக்கொண்டு றம்பொடை வழியாகக் கொழும்புக்குப் புறப்படும் லொறி, வளைவுக்கு மேல் வளைவாகக் கீழிறங்கி, கடுகண்ணாவையின் சரிவையும் தாண்டியே சமவெளியை அடைகின்றது. மலை ஏறுகையில் எஞ்சினை நம்பும் சாரதி, இறங்குகையில் பிறேக்கையே நம்புகின்றான். அந்த நம்பிக்கை தங்கியிருப்பதோ, ஒரு முழ நீளமும் பெரும்பாலும் எட்டாத சில றப்பர்க் குழாய்களில்.

மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது செலுத்தும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்பது, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கால் கண்ட உண்மை. எண்ணெய் பிறேக் இயங்குவது இவ்விதியினாலேயே. சாரதி பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் எழும் அமுக்கம், உலோகக் குழாய்களின் வழியே சில்லுகளைச் சென்றடைகின்றது. ஆயின், சில்லுகள் மேலும் கீழும் அசைவன. முன்சில்லுகள் திரும்பவும் செய்வன. ஆகவே அசையும் இடங்களில் வளையக்கூடிய றப்பர்க் குழாய் வேண்டியதாயிற்று. பழைய லொறிகளில் பொதுவாக முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக இவை அமைந்திருக்கும்.

உள்ளே றப்பர், நடுவே பின்னிய நூல், வெளியே மீண்டும் றப்பர் என்பதே இக்குழாயின் கட்டமைப்பு. ஓடிய மைல்கள் மட்டுமன்றி, கழிந்த ஆண்டுகளும் இதனைக் கெடுக்கும். கொட்டிலில் ஓய்ந்து நிற்கும் லொறியின் குழாயும் முதுமை அடைகின்றது. வெளியே தோன்றும் வெடிப்பும் வீக்கமும் கண்ணுக்குப் புலனாகும். உள்ளே றப்பர் ஊதித் துவாரம் சுருங்குவதோ எளிதில் புலனாகாது. அவ்வாறு சுருங்கின், மிதிக்கும்போது செல்லும் எண்ணெய், காலை எடுத்தபின் திரும்பி வருவதில்லை. பிறேக் பற்றியபடியே நிற்கும், டிரம் கொதிக்கும், லொறி ஒரு பக்கம் இழுக்கும்.

பழைய பெட்போர்ட் போன்ற லொறிகள் பலவற்றில் எல்லாச் சில்லுகளுக்கும் எண்ணெய்ச் சுற்று ஒன்றே. பிற்காலத்தில் இரட்டைச் சுற்று வந்தமையால், ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று உதவும். ஒற்றைச் சுற்று உள்ளவற்றிலோ, ஒரு குழாய் வெடித்தால் பெடல் அடிவரை தாழ்ந்துவிடும். எனவே, குழாய்கள் யாவற்றையும் ஒருங்கே மாற்றுதலே முறை. ஒன்றை மாற்றி மற்றவற்றை விடுதல், இற்றுப்போன வலையில் ஒரு கண்ணை மட்டும் முடிவது போன்றதாகும். சில்லுச் சிலிண்டரின் றப்பர்களையும், கிளிப்புகளின் அடியில் துருப்பிடித்த உலோகக் குழாய்களையும் அப்போதே ஆராய்தல் வேண்டும்.

புதிய குழாயை முறுக்கு விழாமல் பூட்டுதல் வேண்டும். செப்பு வாசர்கள் உள்ள இடங்களில் புதியனவே இடப்படல் வேண்டும். பின்னர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, குழாய் டயரிலோ சட்டத்திலோ உரசாதிருப்பதை உறுதிசெய்தல் அவசியம்.

அடுத்தது காற்று எடுத்தல். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்குவர். வெளியேறிய எண்ணெயை மீண்டும் ஊற்றலாகாது. சாதாரண பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும்; ஈரம் ஏறியபின் அதற்குரிய கீழெல்லை 140 பாகையே. நீண்ட இறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவியானால், பெடலை மிதித்தும் பயனிராது. எஞ்சின் எண்ணெயை ஊற்றுவதோ றப்பர்களை ஊதச் செய்து அடியோடு கெடுத்துவிடும். லொறியைச் செய்தவர் குறித்த எண்ணெயே உரியது.

இறுதியில் ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, மற்றொருவர் ஒவ்வொரு பூட்டிலும் கசிவு உண்டா என்று பார்த்தல் வேண்டும். முதல் ஓட்டமும் பாரமின்றிச் சமதரையிலேயே நிகழட்டும்.

இந்த மாதம் டயர், அடுத்த மாதம் பெயின்ற் என்று லொறிச் சொந்தக்காரர் செலவைத் தள்ளிப்போடுவதுண்டு. பெயின்ற் காத்திருக்கலாம். பழைய குழாயோ, சாரதியும் உதவியாளும் இருக்கும் லொறி, பாதையோரம் பிள்ளைகள் நடந்து செல்லும் சரிவில் இறங்கும் வேளையிலேயே வெடிக்கக் கூடும். ஆதலின் இக்குழாய்களின் செலவு முதற்கண் வைக்கப்பட வேண்டியதாகும்.