நெல் விலையும் நினைவகச் சில்லும்

(காரைக்குடியில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் பொருளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். பொருளை நேர்மையாக ஈட்டுதலும், ஈட்டியதைக் காத்தலும், காத்ததற்கு வரையறை செய்துகொள்ளுதலும் இல்லறத்தாரின் கடமைகளே. அண்மைக் காலமாகத் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கேள்வி எழுந்துள்ளது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை விற்றுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்ந்த வீடுகளில், அந்நிலத்தின் விலை வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கிறது. பொறியியல் கற்ற பிள்ளைகள், “வருங்காலம் சில்லுத் தொழிலுக்கே உரியது, நினைவகச் சில்லு செய்யும் சிறு நிறுவனம் ஒன்றின் பங்கை இன்று வாங்கினால் பத்தாண்டில் பன்மடங்காகும்” என்கின்றனர். பெற்றோர்க்கு மறுக்கக் காரணம் தெரியவில்லை. இசையவும் துணிவு வரவில்லை.

இக்கேள்விக்கு விடை தேடக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் அரிது. இங்குள்ள மாளிகைகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. அத்தூண்களுக்குப் பின்னால் ஒரு விளைபொருளின் விலை வரலாறு இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்தார் பர்மாவுக்குக் கொண்டுவிக்கச் சென்றனர். ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் விளைவித்த உழவர்க்குக் கடன் கொடுத்தனர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என ஒழுங்கமைந்த கடைகளும், நாள்தோறும் எழுதப்பெற்ற பேரேடுகளும், குறித்த காலத்தில் முடிக்கப்பெற்ற ஐந்தொகைகளும் அவர்தம் தொழிலின் வலிமை. கணக்கில் அவர்கள் தவறவில்லை. ஈட்டுக்கு நிலமும் இருந்தது. ஆயினும் 1930ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. உழவரால் வட்டி கட்ட இயலவில்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, 1938இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. காகிதத்தில் அது செல்வப் பெருக்கம். உண்மையில், திரும்ப வேண்டிய பணம் திரும்பாமல் விற்க முடியாத நிலமாக உறைந்த நிலை அது. 1942இல் சப்பானியப் படையெடுப்பும் 1948இல் நில நாட்டுடைமைச் சட்டமும் வந்தன. எஞ்சியவை இங்குள்ள தூண்களே.

இவ்வரலாறு சொல்லும் செய்தி ஒன்று. ஒரு பொருளின் விலையை விளைவிப்பவன் தீர்மானிக்க இயலாத தொழிலில், எத்துணைத் திறமையும் ஒரு தீய ஆண்டைத் தடுத்துவிடாது. அந்த ஆண்டைத் தாங்குவதற்கான இருப்பு கையில் உண்டா என்பதே முதற் கேள்வி. நினைவகச் சில்லும் அத்தகைய ஒரு விளைபொருள்தான்.

நினைவகச் சில்லு என்பது யாது? கணினியும் கைப்பேசியும் தாம் செய்துகொண்டிருக்கும் வேலையை நினைவில் வைக்கும் இடம் அது. மிகுதியாகப் பயன்படும் வகை ‘டிராம்’ எனப்படும். ஐ.பி.எம். நிறுவனத்தின் இராபர்ட் டென்னார்டு வடிவமைத்து 1968இல் காப்புரிமை பெற்ற இதில், ஒவ்வொரு நினைவணுவும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்டது. மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. அதில் வைத்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு நொடிக்குள் பலமுறை அதனை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் நினைவைக் காக்கும் ‘பிளாஷ்’ என்பது மற்றொரு வகை.

இச்சில்லுகள் பொதுவான தர அளவுகளின்படி செய்யப்படுகின்றன. ஒரு நிறுவனத்தின் நினைவகப் பலகையை எடுத்துவிட்டு மற்றொரு நிறுவனத்தினதை அதே இடத்தில் பொருத்தலாம். நெல் மண்டியில் ஒரே இரக நெல்லை வாங்குபவர் அது எவர் வயலில் விளைந்தது என்று கேட்பதில்லை. மூட்டை என்ன விலை என்றே கேட்பார். நினைவகச் சில்லின் சந்தையும் பெரும்பாலும் அவ்வாறே நடைபெறுகிறது.

அதில் ஓர் இடர் உண்டு. சின்ன வெங்காயத்துக்கு விலை ஏறிய ஆண்டில் ஊரார் அனைவரும் வெங்காயம் நடுவர். அறுவடைக் காலத்தில் விலை வீழும். சில்லு ஆலை எழுப்பப் பல்லாயிரம் கோடி ரூபாயும் இரண்டு மூன்று ஆண்டுகளும் வேண்டும். விலை உயர்ந்த காலத்தில் எல்லா நிறுவனங்களும் ஆலை தொடங்க முடிவு செய்கின்றன. எல்லா ஆலைகளும் ஒருசேர உற்பத்திக்கு வரும்போது விலை சரிகிறது. ஆலையை நிறுத்தினாலும் செலவு நிற்பதில்லை. ஆகவே நட்டத்திலும் உற்பத்தி தொடர்கிறது. விலை மேலும் சரிகிறது.

உலகின் மூன்று பெரும் நினைவக நிறுவனங்களுள் ஒன்றான மைக்ரானின் கணக்கே சான்று. 2022ஆம் நிதியாண்டில் அதன் விற்பனை 3,076 கோடி டாலர். அடுத்த ஆண்டே அது 1,554 கோடி டாலராகப் பாதியாகி, நட்டம் 583 கோடி டாலரைத் தொட்டது. பின்னர்ச் செயற்கை நுண்ணறிவுக் கணினிகளின் தேவை பெருகியதால் 2025ஆம் நிதியாண்டில் விற்பனை 3,700 கோடி டாலரைக் கடந்தது. பெரிய மரமே இவ்வாறு ஆடுமாயின், கன்றின் நிலை என்ன?

“மைக்ரானும் ஒரு காலத்தில் கன்றாக இருந்ததுதானே?” என்று பிள்ளைகள் வினவுவர். நியாயமான வினா அது. 1978இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரில், பல் மருத்துவமனை ஒன்றின் நிலவறையில் நால்வர் தொடங்கிய நிறுவனம் அது. 1980இல் அதற்குப் பத்து இலட்சம் டாலர் கொடுத்துக் கைதூக்கியவர் சே.ஆர். சிம்ப்ளாட். அவர் மின்னணுவியல் கற்றவர் அல்லர்; உருளைக்கிழங்கு விளைவித்து, உறையவைத்த வறுவலை மெக்டொனால்டு உணவகங்களுக்கு வழங்கிச் செல்வரானவர். உருளைக்கிழங்கின் விலை ஏறுவதையும் இறங்குவதையும் வாழ்நாள் முழுதும் கண்ட அவர்க்கு, நினைவகச் சில்லும் அவ்வாறே ஏறி இறங்கும் சரக்கு என்பது விளங்கிற்று. 1985இல் சப்பானிய நிறுவனங்களின் போட்டியால் விலை வீழ்ந்தபோது, 1970இல் டிராம் சில்லை வணிகமாக்கி வெற்றி கண்ட இன்டெல் நிறுவனமே அத்துறையை விட்டு விலகியது. மைக்ரான் தன் பணியாளருள் பாதிப்பேரை நீக்க நேர்ந்தது. அக்காலத்தில் சிம்ப்ளாட் பின்வாங்கவில்லை. மேலும் பணம் இட்டார். இட முடிந்தமைக்குக் காரணம், அவருடைய வாழ்க்கை அந்த ஒரு முதலீட்டை நம்பி இருக்கவில்லை.

ஒரு பாய்சியின் கதையை உலகம் பேசுகிறது. வீழ்ந்தவற்றை யாரும் பேசுவதில்லை. செர்மனியின் கிமோண்டா நிறுவனம் 2006 ஆகத்தில் நியூயார்க்குப் பங்குச் சந்தையில் 13 டாலர் விலையில் பங்கு வெளியிட்டது. 2009 சனவரியில் கடன் தீர்க்க இயலாதென அறிவித்தது. சப்பானின் எல்பிடா 2012 பிப்ரவரியில் 44,800 கோடி யென் கடனோடு நொடித்தது. மறு ஆண்டு அதனை மைக்ரானே வாங்கிக்கொண்டது. இவை இரண்டும் சிறு நிறுவனங்கள்கூட அல்ல.

சிறு நிறுவனங்களுள் உயிர்வாழ்பவை பெரும்பாலும் வேறொரு வழியைத் தேர்ந்தவை. மண்டிக்கு நெல் கொண்டுபோகாமல் மருத்துவக் குணமுள்ள அரிய நெல்லை விளைவித்து, தேடி வருவோர்க்கு விற்கும் உழவரைப் போன்றவை அவை. 1984இல் கொலராடோவில் தோன்றிய இராம்ட்ரான், மின்சாரம் நின்றாலும் நினைவு மாறாத தனிவகைச் சில்லை மின்னளவி போன்ற கருவிகளுக்குச் செய்தது. ஆயினும் அரிய சரக்குக்குச் சந்தையும் சிறிது. 28 ஆண்டுகள் உழைத்த பின், 2012இல் சைப்ரஸ் நிறுவனம் அதனை ஏறத்தாழ 11 கோடி டாலருக்கு வாங்கியது. நேர்மையான உழைப்புதான், பன்மடங்குப் பெருக்கம் என்னும் கனவுக்கும் அதற்கும் தொலைவு மிகுதி.

இந்தியாவின் நிலையையும் காண வேண்டும். 2021 திசம்பரில் நடுவணரசு 76,000 கோடி ரூபாயில் குறைக்கடத்தித் திட்டம் ஒன்றை அறிவித்தது. குசராத்தின் சாணந்தில் மைக்ரான் அமைத்த ஆலையும், இராசத்தானின் பிவாடியில் சகசுரா நிறுவனம் தொடங்கிய ஆலையும் நினைவகச் சில்லை உறையிட்டுச் சோதிக்கும் பணியைச் சார்ந்தவை. தமிழ்நாட்டில் ஸ்பிக் குழுமத்தின் முயற்சியாக 1984இல் தோன்றிய ஸ்பெல் செமிகண்டக்டர், மறைமலைநகரில் அதே உறையிடும் பணியைப் பல்வகைச் சில்லுகளுக்குச் செய்துவருவது. அதன் பங்கு மும்பைச் சந்தையில் உள்ளது. உறையிடுதல் மதிப்பு வாய்ந்த தொழிலே. ஆனால் நெல் விளைவிப்பதும் நெல் அரைப்பதும் ஒன்றல்ல என்பதைப் போல, சில்லை ஆக்குவதும் உறையிடுவதும் ஒன்றல்ல. பெயரில் ‘செமிகண்டக்டர்’ என்று இருப்பதாலேயே ஒரு நிறுவனத்தை நினைவகச் சில்லு நிறுவனம் என்று கருதிவிடலாகாது.

ஆகவே பங்கு வாங்க விழைவோர் ஐந்து வினாக்களை எழுப்பி, விடையைத் தாளில் எழுதிக்கொள்ளுதல் நன்று.

முதலாவது, அந்நிறுவனம் செய்வது எது? வடிவமைப்பா, ஆக்கமா, உறையிடுதலா, பிறர் சில்லை வாங்கிப் பலகையில் பொருத்தி விற்பதா? ஒவ்வொன்றின் ஆதாயமும் இடரும் வேறு.

இரண்டாவது, அதன் ஐந்தொகை என்ன சொல்கிறது? விற்பனை பாதியானால் இரண்டு ஆண்டுகள் தாங்கும் ரொக்கம் உண்டா? கடன் எவ்வளவு? இலாபக் கணக்கைப் படிப்போர் பலர். கடன் கணக்கைப் படிப்போர் சிலர்.

மூன்றாவது, அதன் பொருளை வாங்குவோர் எத்தனை பேர்? ஒரே பெரிய நிறுவனத்தை நம்பியிருந்தால், அது கைவிடும் நாளில் எல்லாம் முடியும்.

நான்காவது, வாங்கும் காலம் எது? இங்குதான் கற்றோரும் ஏமாறுகின்றனர். ஒரு பங்கின் விலை 100 ரூபாய். ஆண்டு இலாபம் பங்குக்கு 20 ரூபாய் என்று கொள்க. இலாபத்தைப் போல் ஐந்து மடங்கு விலைதானே, மலிவு என்று தோன்றும். ஆனால் அந்த 20 ரூபாய் சில்லு விலை உச்சியில் இருந்த ஆண்டின் விளைச்சல். மறு ஆண்டு அது நட்டமாகலாம். ஏறி இறங்கும் தொழிலில், பங்கு மலிவாகத் தோன்றும் காலமே பெரும்பாலும் இடர் மிகுந்த காலம்.

ஐந்தாவது, விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் இருப்பாரா? சிறு நிறுவனப் பங்குகளில் நாள்தோறும் நடக்கும் வணிகம் குறைவு. தீய செய்தி வந்தால் விலை கீழ்வரம்பைத் தொட்டு நிற்கும். விற்போர் வரிசையில் நிற்பர், வாங்குவோர் இரார். பர்மாவில் உறைந்த நிலம் போன்றதே அது. கைப்பேசிக் குழுக்களில் வரும் ‘உறுதியான வாய்ப்பு’ என்னும் செய்திகளை, சொல்பவர் செபியில் பதிவுபெற்றவரா என்று பார்க்காமல் நம்புதல் கூடாது.

இவை ஐந்துக்கும் விடை நல்லதாகவே அமைந்தாலும் எவ்வளவு இடுவது என்னும் கேள்வி எஞ்சும். நிலம் விற்ற பணத்தின் முதலை இதில் இடுதல் தகாது. கடன் வாங்கி இடுதல் ஒருபோதும் தகாது. முழுதும் போனாலும் பிள்ளைகளின் படிப்பும், மகளின் திருமணமும், முதியோரின் மருந்தும் தடைப்படாத தொகை எதுவோ, அதுவே எல்லை. அந்த எல்லையைப் பங்கு வாங்கும் முன்பே, குடும்பத்தார் அனைவரும் அறிய எழுதி வைத்தல் வேண்டும். விலை ஏறத் தொடங்கிய பின் எழுதும் எல்லை நிற்பதில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் இல்லறத்தார்க்குப் பொருளே வேண்டா என்று கூறவில்லை. இவ்வளவு போதும் என்று தாமே முன்னரே வரைந்துகொள்ளச் சொல்கிறது. சந்தைக்கும் அதைவிடச் சிறந்த காவல் இல்லை.

பிள்ளைகளின் ஆர்வத்தைத் தடுக்க வேண்டுவதில்லை. அவர்கள் கற்ற கல்வி, எந்த நிறுவனம் எதைச் செய்கிறது என்று ஆராய உதவும். ஏறி இறங்கும் விலையை வாழ்நாளெல்லாம் கண்ட பெரியோரின் அனுபவம், எவ்வளவு இடலாம் என்று வரையறுக்க உதவும். காரைக்குடியில் 1937 பிப்ரவரி 10ஆம் நாள் ஒரு வங்கி தொடங்கப்பெற்றது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அது. அதே நாளில் சென்னையிலும் இரங்கூனிலும் அதன் கதவுகள் திறந்தன. பர்மா கைவிட்டுப் போன பின்னும் அவ்வங்கி நின்றது. ஓர் ஊர் விளைச்சலை மட்டும் நம்பாமல் பல ஊர்களில் கால் ஊன்றியது அது.

இன்றிரவு வீடு திரும்பியதும், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து ஒரு தாளை எடுத்து அந்த எல்லையை எழுதுவார்களாயின், இவ்வுரை பயன் பெற்றதாகும். அனைவர்க்கும் அறமும் அளவான செல்வமும் பெருகுக.