இதயம் எந்தக் கட்டிலுக்குப் போகிறது?



2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். மருத்துவர்களான அவன் பெற்றோர், மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். போலீஸார் சாலையை ஒழுங்கு செய்து வழிவிட, அவன் இதயம் சென்னை முகப்பேரில் காத்திருந்த ஒரு சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வேகம் பிடித்தது. 2024-இல் மட்டும் 268 பேரின் உறுப்புகள் தானமாகக் கிடைத்தன. நாட்டிலேயே அதுதான் அதிகம்.

இவர்களில் பலர் ஜி.எச். எனப்படும் அரசு மருத்துவமனைகளில் உயிர்விட்டவர்கள். விபத்தில் அடிபட்டு 108 ஆம்புலன்ஸில் வந்த கூலித் தொழிலாளிகள், லாரி ஓட்டுநர்கள். சரி, அவர்கள் தரும் இதயம் யாருக்குப் போகிறது?

விதி நியாயமானதுதான். அரசு மருத்துவமனையில் கிடைக்கும் உறுப்பு, அரசு மருத்துவமனைப் பட்டியலில் காத்திருப்பவருக்கே முதலில். அங்கே பொருத்தமான ஆள் இல்லாவிட்டால்தான் தனியாருக்கு. டிரான்ஸ்டான் என்ற அரசு ஆணையம் இதைக் கவனிக்கிறது. சிறுநீரகத்தில் இந்த விதி ஏழைக்குப் பயன்படுகிறது. கல்லீரலிலும் முடியும் என்று ஸ்டான்லி மருத்துவமனை செய்து காட்டியது.

இதயம், நுரையீரல் என்று வரும்போதுதான் சிக்கல். எடுத்த இதயத்தைச் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். நடுராத்திரியில் அழைத்தாலும் அறுவை நிபுணர், மயக்க மருத்துவர், இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர் மூவரும் வந்து நிற்க வேண்டும். பிறகு தொற்று அண்டாத தனி ஐ.சி.யூ. வேண்டும். இத்தனையும் ஒருசேர அமைந்த அரசு மருத்துவமனைகள் மிகச் சில. ஆகவே பட்டியலில் பெரும்பாலும் அரசு நோயாளியின் பெயரே இருப்பதில்லை. விதி மீறப்படாமலே உறுப்பு தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுகிறது.

2018-இல் உறுப்புகள் யாருக்குப் போகின்றன என்ற கேள்வி மாநில எல்லையையும் தாண்டியது. சேலத்தில் இறந்த கேரள இளைஞரின் உறுப்புகள் மருத்துவமனைக் கட்டணத்துக்கு ஈடாக எடுக்கப்பட்டதாகப் புகார் எழ, கேரள முதல்வர் பினராயி விஜயன் தமிழக முதல்வருக்குக் கடிதம் எழுதினார்; அவை வெளிநாட்டவருக்குத் தரப்பட்டதாகவும் புகார் எழுந்தது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மாற்று அறுவைக்குப் பணம் தருகிறது. அந்தப் பணம் பட்டியலில் ஏறியவருக்குத்தான் உதவும். இதயம் செயலிழந்த ஒரு விவசாயிக்கு மாற்று இதயம் என்ற வழி இருப்பதை மாவட்ட மருத்துவமனையே சொல்லி, பரிசோதனைகளை முடித்து, பெயரைப் பதிய வேண்டும். மதுரையிலும் கோவையிலும் இரவு பகலாக இயங்கும் இதய மாற்றுக் குழுக்களை அரசு அமைக்க வேண்டும். தானம் கொடுத்த குடும்பங்கள் அரசிடம் இதை உரிமையோடு கேட்கலாம்.