கதவு திறந்திருந்தால் போதுமா?

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



கடன் கேட்டு பேங்குக்குப் போனால் நம்மிடம் முதலில் என்ன கேட்கிறார்கள்? "இங்கே கணக்கு இருக்காம்மா? முன்னாடி கடன் வாங்கியிருக்கீங்களா?" இதே கேள்வி அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் சின்னக் கடைகளை எப்படிப் பின்னுக்குத் தள்ளியது என்று பார்ப்போம்.

2020-இல் கொரோனாவால் அங்கேயும் கடைகள் அடைபட்டன. வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்க அரசாங்கம் 34,900 கோடி டாலர் ஒதுக்கியது. சம்பளத்துக்குச் செலவு செய்தால் கடன் தள்ளுபடி. சட்டத்தில் வெள்ளையர், கறுப்பர் என்ற பேதம் கிடையாது. ஆனால் பணம் பேங்க் வழியாகத்தான் வந்தது. பெரிய பேங்குகள் பலவும் தங்களிடம் ஏற்கெனவே வரவு செலவு வைத்திருந்தவர்களையே முதலில் கவனித்தன. ஏப்ரல் 3-இல் தொடங்கிய திட்டம், 16-ஆம் தேதியே பணம் தீர்ந்து நின்றுபோச்சு!

வெளியே நின்றது யார்? பல தலைமுறையாகக் கடன் மறுக்கப்பட்டு, பேங்க் பழக்கம் குறைவாக இருந்த கறுப்பின மக்கள்தான் அதிகம். அவர்களின் தொழில்களில் பெரும்பாலானவை கூலி ஆள் வைக்காமல் தாங்களே நடத்துவது. அப்படித் தனியாகத் தொழில் செய்கிறவர்கள் ஒரு வாரம் கழித்துத்தான் விண்ணப்பிக்க முடிந்தது. விண்ணப்பத்தில் இனம் கேட்கவில்லை. அதனால் யார் விடுபட்டார்கள் என்ற கணக்கும் அரசிடம் சரியாக இல்லை.

பிறகு திருத்தினார்கள். ஏப்ரல் கடைசியில் வந்த இரண்டாம் தவணையில் 6,000 கோடி டாலரைச் சிறிய, நடுத்தர பேங்குகளுக்கும், ஏழை மக்களுக்குக் கடன் தரும் உள்ளூர் நிறுவனங்களுக்கும் தனியாக ஒதுக்கினார்கள். 2021 பிப்ரவரி 24 முதல் இரண்டு வாரம், 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தொழில்களுக்கு மட்டுமே என்று வைத்தார்கள். பிந்திய தவணைகளில்தான் கறுப்பினத்தவர் கடைகளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது.

சகோதரிகளே, எல்லாருக்கும் பொது என்று அறிவிப்பது வேறு, எல்லாருக்கும் போய்ச் சேருவது வேறு. நம்ம குழுவிலும் இது நடக்கத்தானே செய்கிறது? முதலில் வாய் திறந்து கேட்கிறவங்களுக்கே கடன் போய்விடுகிறது.

அடுத்த கூட்டத்தில் கடன் பேரேட்டை எடுத்து வைப்போம். இதுவரை ஒரு தடவைகூடக் கடன் வாங்காதவர் யார்? காலனித் தெரு அக்காவா, கணவரை இழந்த தங்கையா? அவங்க பெயரை எழுதி, ஏன் வாங்கவில்லை என்று அவங்ககிட்டயே கேட்போம். அடுத்த கடனை அங்கிருந்தே தொடங்குவோம்.