வாக்குரிமை எப்படிப் பறிபோகிறது? – அமெரிக்கா தரும் பாடம்



2021 ஜனவரி 6-ஆம் தேதி வாஷிங்டனில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2020 தேர்தலில் தோற்ற அதிபர் டிரம்ப் தோல்வியை ஏற்கவில்லை. தேர்தல் முடிவை உறுதி செய்ய வேண்டிய அந்த நாளில், அவருடைய ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிகளை உடைத்து உள்ளே புகுந்தார்கள். "அமெரிக்காவிலா இப்படி?" என்று உலகமே வியந்தது. ஆனால் அந்த நாட்டுக் கறுப்பின மக்களுக்கு இது புதிதல்ல.

1898 நவம்பர் 10. வட கரோலினா மாநிலத்தின் வில்மிங்டன் நகரம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து நகராட்சி நடத்திய ஊர். ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் ஒன்று, கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தியது. கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றது. மேயரையும் நகராட்சி உறுப்பினர்களையும் மிரட்டி விலக வைத்து, அந்த நாற்காலிகளில் தன் ஆட்களை உட்கார வைத்தது. மத்திய அரசு கைகட்டி நின்றது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை!

இதன் வேர் எங்கே இருக்கிறது? அடிமை முறையில் இருக்கிறது. 1787-இல் எழுதிய அரசியல் சாசனத்தில், நாடாளுமன்றத் தொகுதிகளைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டார்கள். அடிமைக்கு ஓட்டு இல்லை. ஆனால் அவனுடைய தலையை எண்ணியதால், எசமானர்களின் மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. இனம், நிறம் காரணமாக யாருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-இல் சாசனத்தைத் திருத்தினார்கள். ஆண்களுக்கு மட்டும்தான் என்றாலும், நேற்று வரை அடிமையாக இருந்தவன் ஓட்டுப் போட்டான். தேர்தலில் வென்று பதவிக்கும் வந்தான். 1877-இல் தென் மாநில அரசுகளுக்குத் துணை நின்ற மத்திய ராணுவம் விலகிக்கொண்டது. பழைய எசமானர்களின் கை மீண்டும் ஓங்கியது.

சாசனத்திலோ உரிமை எழுதியிருக்கிறது. அதை எப்படிப் பறிப்பது? இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

1890-இல் மிசிசிப்பி மாநிலம் புதிய விதிகளைக் கொண்டு வந்தது. ஓட்டுப் போட இரண்டு டாலர் வரி கட்ட வேண்டும். மாநிலச் சாசனத்தின் ஒரு பகுதியைப் படிக்கவோ, கேட்டு விளக்கவோ வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று தீர்ப்பதும் பதிவு அதிகாரிதான். 1898-இல் லூசியானா மாநிலம் இன்னொரு வழி கண்டது. தகப்பனோ பாட்டனோ 1867-க்கு முன் ஓட்டுரிமை பெற்றிருந்தால் உனக்குப் பரீட்சை வேண்டாம் என்றது. அப்போது யாருடைய பாட்டன் அடிமையாக இருந்தான் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த விதிகளில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனால் லூசியானாவில் 1896-இல் ஏறத்தாழ 130,000 ஆக இருந்த கறுப்பின வாக்காளர்கள், 1904-இல் 1,342 பேராகக் குறைந்தார்கள்.

உரிமையை ஒழிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு யாரும் ஒழிப்பதில்லை. பாரம், ரசீது, பரீட்சை, முத்திரை என்று சொல்லித்தான் ஒழிக்கிறார்கள்.

ஃபேனி லூ ஹேமர் என்ற பெண்மணியின் கதை உங்களுக்கு எளிதில் புரியும். மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத் தொழிலாளி. இருபது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர். 1962 ஆகஸ்டில், 44 வயதில், 17 பேருடன் பஸ் ஏறி இண்டியனோலா ஊருக்குப் போய் வாக்காளராகப் பதிய முயன்றார். பரீட்சையில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றே தோட்டத்துத் துரை, "மனுவைத் திரும்ப வாங்கு, இல்லையேல் வெளியேறு" என்றார். 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்தை விட்டு அன்றிரவே வெளியேறினார். வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் என்ன என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் விடவில்லை. மீண்டும் எழுதி 1963-இல் தேறினார். அதே ஆண்டு சிறையில் வைத்து அடித்து அவருடைய சிறுநீரகத்தைப் பழுதாக்கினார்கள். அப்போதும் நிற்கவில்லை. அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோரின் போராட்டத்தால் 1965-இல் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. பாகுபாடு காட்டிய மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற வேண்டுமானால் மத்திய அரசிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்றது அச்சட்டம். மிசிசிப்பியில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பதியாதிருந்த கறுப்பின மக்களில், இரண்டே ஆண்டில் ஏறத்தாழ அறுபது பேர் பதிந்தார்கள்.

போராட்டம் அதோடு முடிந்ததா? இல்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில், அந்த முன் அனுமதி முறையைச் செயலிழக்கச் செய்தது. அன்றே டெக்சாஸ் மாநிலம் தன் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்தது. அதன்படி துப்பாக்கி லைசன்ஸ் செல்லும். மாணவர் அட்டை செல்லாது!

2021-இல் காப்பாற்றியது யார்? ஜார்ஜியா மாநிலத்தில் 11,780 வாக்குகளைத் தேடித் தரும்படி டிரம்ப் தொலைபேசியில் கேட்டார். தேர்தல் பொறுப்பாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர் அவருடைய கட்சிக்காரர்தான். ஆனாலும் கணக்கு கணக்குதான் என்று மறுத்துவிட்டார். வாக்குகளை எண்ணிய சாதாரண ஊழியர்கள் மிரட்டலுக்கு நடுவிலும் வேலையை முடித்தார்கள். ஆதாரமில்லாத வழக்குகளை நீதிபதிகள் தள்ளினார்கள். தேர்தல் முடிவைத் துணை அதிபர் தன் விருப்பப்படி நிராகரிக்க முடியாது என்று 2022-இல் சட்டத்தில் தெளிவாக எழுதினார்கள். ஆனால் அந்தத் தாக்குதலில் குற்றம் சாட்டப்பட்ட ஏறத்தாழ 1,500 பேருக்கு, மீண்டும் அதிபரான டிரம்ப் 2025 ஜனவரி 20-இல் மன்னிப்பு வழங்கினார். வில்மிங்டனில் தண்டனை இல்லாமல் போனதன் விளைவைப் பல தலைமுறைகள் சுமந்தன என்பதை இங்கே மறக்கக் கூடாது.

ஆகவே அந்த மக்கள் இன்று செய்ய வேண்டியது நான்கு. வாக்காளர் பட்டியலில் யார் பெயர் விழுகிறது என்று பார்க்க வேண்டும். எண்ணும் இடத்தில் நேர்மையான ஆட்கள் உட்கார வேண்டும். அவர்களை யாராவது மிரட்டினால் ஊரே கூட நிற்க வேண்டும். தேர்தலை உடைத்தவன் எவனானாலும் சட்டத்தின் முன் நிற்க வேண்டும்.

ஒரு பாரத்தில் தன் பெயரை எழுத அந்தத் தோட்டத் தொழிலாளிப் பெண் வீட்டையே இழந்தார். இன்றிரவு உங்கள் பிள்ளைகளுக்கு அவருடைய பெயரைச் சொல்லுங்கள். அவர் எதற்காக இழந்தார் என்பதையும் சொல்லுங்கள்.