கல்லை வாசிக்கும் கல்வி

பெங்களூரு டொம்லூரில் சொக்கநாத சுவாமி என்ற பெயரில் ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது. பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளைத் தாண்டித்தான் போகிறார்கள். அவற்றுள் ஒன்று, 1270-ஆம் ஆண்டில் அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. இன்னொன்று, ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து சுவாமிக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. போசள மன்னன் வீர ராமநாதனின் கொடையும் அங்கே பதிவாகியிருக்கிறது. அரசனின் பெயரை வரலாறு எப்படியாவது வைத்துக்கொள்ளும். நிலைக்கால் கொடுத்த அழகியாரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? வழிபாடு தெய்வத்தை மறக்கவில்லை. ஆனால் கொடுத்தவரை மறந்துவிட்டது. அந்தப் பெயரை மீட்டுத் தந்தது கல்வெட்டுப் படிப்பு. நம் சமயப் பண்பாட்டைக் காப்பதில் பக்திக்கு உள்ள பங்கு எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சமமான பங்கு ஆய்வுக் கல்விக்கும் உண்டு என்பதையே இந்த உரையில் சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் கல்வி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கல்லை முதலில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுகிறார்கள். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குகிறார்கள். பிறகு மையை ஒற்றுகிறார்கள். மேட்டில் மை பிடிக்கும், பள்ளம் வெளுத்தே இருக்கும். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்துகள் தெளிந்து வரும். இதுதான் மைப்படி. பெங்களூரிலேயே 1837-இல் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ், பண்டிதர்களின் துணையோடு மைசூர் நாடு முழுவதும் கல்வெட்டுகளைத் திரட்டி, ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ என்ற வரிசையை 1886 முதல் வெளியிட்டார். பெங்களூரு மாவட்டத் தொகுதி 1905-இல் வந்தது. அன்று அச்சேறிய கல்வெட்டுகளில் பலவற்றின் மூலக்கல் இன்று இல்லை; வீடும் சாலையும் எழுந்த இடங்களில் அவை காணாமல் போய்விட்டன. கல் போன பிறகும் அதன் வாசகம் நம்மிடம் இருப்பது அந்த அச்சுப் பக்கங்களால்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ரைஸ் கிறித்தவப் போதகரின் மகன். அந்நிய ஆட்சிக் காலத்து அதிகாரி. அவர் கண்ணால் நம் பண்பாட்டைப் பார்க்கலாமா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆய்வின் வலிமை ஆய்வாளரின் பிறப்பில் இல்லை. அவர் சொன்னதைப் பிறர் சரிபார்க்க முடியும் என்பதில் இருக்கிறது. கல்லின் வாசகத்தை அச்சில் வைத்துவிட்டால், அதைத் தவறாகப் படித்தவரை அடுத்தவர் திருத்தலாம். அப்படியே நடந்தது. ரைஸுக்குப் பின் மைசூர்த் தொல்லியல் துறையை ஆர். நரசிம்மாச்சார் ஏற்று, பணியைத் தொடர்ந்தார். மரபுக் கல்வியும் புதிய ஆய்வும் ஒரே மனிதரிடம் கூடியதற்கு ஆர். சாமசாஸ்திரி சான்று. தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொடுத்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடியில், பெயர் மட்டும் எஞ்சி நூல் மறைந்துபோயிருந்த அர்த்தசாஸ்திரத்தை 1905-இல் அவர் அடையாளம் கண்டார், 1909-இல் பதிப்பித்தார். ஓலையைக் காத்தது மரபு. உலகம் படிக்கும்படி செய்தது ஆய்வு.

அடுத்த மறுப்பு இன்னும் ஆழமானது. ஆராயும் கண் பக்தியைக் குலைத்துவிடாதா? ஆய்வு சில கதைகளை அசைக்கும் என்பது மெய்தான். போசள மன்னன் ஒருவனுக்கு மூதாட்டி அவித்த பயறு கொடுத்ததால்தான் பெங்களூருக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பேகூர் நாகேசுவரர் கோயில் கல்வெட்டோ, போசளர் ஆட்சிக்கு முன்பே, ஏறத்தாழ 890-ஆம் ஆண்டிலேயே பெங்களூருப் போரைப் பேசுகிறது. இதனால் பேகூர் ஈசுவரனின் மதிப்பு ஒரு மாத்திரையும் குறையவில்லை; ஊரின் வயதுதான் கூடியது. மாறாக, படிப்பில்லாத பக்தி செய்த சேதத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவர்களைத் துப்புரவாக்கியபோது, தமிழ்நாட்டுக் கோயில்களில் எழுத்துகள் தேய்ந்தன. எழுத்தின் மேல் சுண்ணாம்பும் பெயின்ட்டும் பூசியவர்கள் பகைவர்கள் அல்லர், பக்தர்கள். அவர்களிடம் அன்பு இருந்தது. முன்னோர் கொடுத்த தானத்தின் பத்திரத்தைத் தாங்களே அழிக்கிறோம் என்ற அறிவுதான் இல்லை.

மூன்றாவது மறுப்பை நான் ஏற்கிறேன். ஆய்வு நூலகத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் மொழி கோயில் வாசலில் நிற்பவருக்குப் புரிவதில்லை. காத்தால் மட்டும் போதாது, பகிர வேண்டும். பெங்களூரில் அதற்கு நல்ல தொடக்கம் இருக்கிறது. ஹெப்பாளில் 2018-இல் வெளிப்பட்ட, கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்துக் கிட்டய்யன் நடுகல்லை ஆர்வலர்களும் ஊர்மக்களும் சேர்ந்தே பேணினார்கள். 1909-இல் தோன்றிய மிதிக் சொசைட்டி, நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பதிவு செய்துவருகிறது. தேய்ந்து கண்ணுக்கு எட்டாத எழுத்தும் திரையில் புலப்படுகிறது. இனிச் செய்ய வேண்டியது அதிகச் செலவில்லாதது. கல்வெட்டுள்ள ஒவ்வொரு கோயிலிலும் அதன் செய்தியைக் கன்னடத்திலும் தமிழிலும் எளிய நடையில் எழுதிப் பலகை வைக்கலாம். திருப்பணி தொடங்கும் முன் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுவதைக் கோயில் குழுக்கள் வழக்கமாக்கலாம். கன்னடமும் தமிழும் இந்த மண்ணின் கோயில் சுவர்களில் அருகருகே வாழ்ந்ததைப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டலாம். தன் கோயிலின் கல்லைப் படித்தறிந்த ஊர், அதை உடைக்க யாரையும் விடாது. ஆய்வுக் கல்வி நம் பண்பாட்டுக்குத் தரக்கூடிய உறுதியான காவல் அதுவே.