மின்சாரமும் காவலும்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகலில், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றதென அறிவிக்கப்பட்டது. செய்தி கேட்டு நகைத்தவர் பலர். மட்டக்குளியில் நாம் வாழும் தொடர்மாடியிலோ மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஒக்சிசன் கருவியை நம்பியிருந்த முதியவர் ஒருவருக்காக அயலார் உருளை தேடி ஓடினர். அங்கே எவரும் நகைக்கவில்லை.

ஒரு குரங்கினால் ஒரு நாடு இருளுமா? மின்சாரம் தண்ணீரைப்போலத் தொட்டியில் தேங்கி நிற்பதன்று. உற்பத்தியும் பாவனையும் கணந்தோறும் சமமாதல் வேண்டும். அப்பொழுதே நம் நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்று என்னும் கதியில் நிலைக்கும். அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் தேவை குறைவு. கூரைமேற் சூரியத் தகடுகளின் உற்பத்தியோ மிகுதி. அதிர்ச்சியைத் தாங்கவல்ல பெருஞ்சுழலிகள் போதிய அளவில் இயங்கவில்லை. ஆகவே ஓரிடத்துப் பழுது நாடெங்கும் பரவிற்று.

குரங்கு அறியாது செய்ததை அறிந்தே செய்வாரும் உளர். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் திகதி உக்ரேனில் அது நிகழ்ந்தது. ஊழியர் ஐயுறாது திறந்த மின்னஞ்சல்களின் வழியே முன்னரே கணினிகளுட் புகுந்திருந்தோர், தொலைவிலிருந்தே மின்தொடர்புகளைத் துண்டித்தனர். ஏறத்தாழ 225,000 பாவனையாளர் இருளில் ஆழ்ந்தனர். ஊழியர் உபமின் நிலையங்களுக்கு நேரிற் சென்று கையினால் ஆளிகளை இயக்கியபின்னரே, சில மணி நேரத்தில் ஒளி மீண்டது.

இன்று அத்தகைய ஆளிகள் நம் வீட்டு வாயிலுக்கே வந்துள்ளன. மின்சார வாகனத்துக்கு மின்னேற்றும் கருவிகள் பலவும் இணையத்துடன் தொடர்புற்றவை. கருவியொன்று 7 கிலோவாட் இழுக்குமெனக் கொள்வோம். 10,000 கருவிகள் 70 மெகாவாட் இழுக்கும். அவற்றை அந்நியனொருவன் ஒரே கணத்தில் நிறுத்த வல்லவனாயின், தேவை குன்றிய ஒரு ஞாயிறன்று நமது சிறிய வலையமைப்பு என்னாகும்?

பொறியியலாளர் தம் காவலைச் செய்வர். கையால் இயக்கும் பழக்கத்தையும் அவர்கள் கைவிடலாகாது. நம் பங்கு எளியது. கருவியை வாங்கிய அன்றே, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றுங்கள். அறியாதவர் அனுப்பிய இணைப்புகளைத் திறவாதீர்கள். அலுவலகக் கணினியின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருந்தவன் நான். இப்பேச்சை எழுதத் தொடங்கிய அன்றுதான் அத்தாளைக் கிழித்தேன்.