அசையும் கோட்டில் நம் கதை



இறம்பொடையை வெளியுலகம் பார்ப்பது, வழியில் வண்டியை நிறுத்தி எடுத்த படங்களில்தான்: ஒரு நீர்வீழ்ச்சி, ஒரு கொழுந்துக் கூடை. நம் கதையை நாமே அசையும் படமாகச் சொல்ல இன்று ஒரு கணினி போதும். அதனால், வரைகலைத் துறையில் வேலை செய்யும் பழைய மாணவிகளான நாங்கள், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளின் ஷேப் லேயர் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம்.

ஷேப் லேயர் என்பது கணக்கால் ஆன கோடு. எவ்வளவு பெரிதாக்கினாலும் புகைப்படம் போலச் சிதறாது.

ஓர் உதாரணம். நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துவந்ததை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. வரைபடத்தின் மேல் பென் டூலால் அந்தப் பாதையை வரையுங்கள். ஃபில்லை நீக்கி ஸ்ட்ரோக்கை மட்டும் வையுங்கள். ட்ரிம் பாத்ஸைச் சேர்த்து, அதன் 'எண்ட்' அளவுக்குத் தொடக்கத்தில் 0, 16ஆவது விநாடியில் 100 என்று கீஃப்ரேம் இடுங்கள். நாளுக்கு ஒரு விநாடி. கோடு நடக்கத் தொடங்கும்.

ஆனால் இரண்டே கீஃப்ரேம் இருந்தால் கோடு ஒரே வேகத்தில், எங்கும் நிற்காமல் போய்விடும். இடைப்பட்டதைக் கணினி தன் கணக்கில் நிரப்பும். காடும் கொள்ளைநோயும் வழியில் விழுந்தவர்களும் அதற்குத் தெரியாது. நிற்கவேண்டிய ஒவ்வோர் இடத்திலும், சிறிது இடைவெளி விட்டு, ஒரே அளவில் இரண்டு கீஃப்ரேம் இடுங்கள். கோடு நிற்கும், பார்ப்பவரும் நிற்பார்.

இன்னொன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. இதை வட்டங்களாகக் காட்டும்போது, இலங்கைக்கு ஸ்கேல் 100, இந்தியாவுக்கு 175 என்று வைத்தால் பரப்பு மூன்று மடங்காகிவிடும். 132 என்பதே சரி. மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். 1974இல்தான் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அவர்களுக்கு 71 அளவில் மூன்றாவது வட்டம் வேண்டும். அதை விட்டாலும் படம் அழகாகத்தான் இருக்கும். நம் பாட்டிமார் பலர் அதில் இருக்கமாட்டார்கள்.

தங்கைமாரே, இந்த மென்பொருளுக்குப் பணம் கட்ட வசதியில்லையென்றால் பிளெண்டர் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலும் கோடு வரைந்து ஓடவிடலாம். அதற்கு முன் அப்பாயியிடமும் அம்மாயியிடமும் கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தத் தோட்டத்தில் முதலில் இறங்கினோம், யார் திரும்பிப் போனார்கள்? எழுதி வையுங்கள். கீஃப்ரேம் இடவேண்டிய இடங்கள் அவைதான். தூர தேசங்களில் இருக்கும் அக்காமாரே, உங்கள் வீட்டு ஊர்ப்பெயர்களையும் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். கோட்டை நாங்கள் சேர்ந்து வரைகிறோம்.